ஜெபக்கூடம் என்று பெயரெடுத்த வீடு

வெறும் வீட்டில் குரல் எப்படிப் பெருகும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கொழும்பில் பாமன்கடை என்ற இடத்தில், ஓர் ஒழுங்கையின், அதாவது சந்தின், கடைசிக்கு முதல் வீடு. முன்னறையில் நாங்கள் ஏழு பெண்கள் நின்றோம். கதிரை இல்லை, மேசை இல்லை, ஒரு திரைச்சீலைகூட இல்லை. புதிதாக அடித்த டிஸ்டெம்பர் மணம் மூக்கில் ஏறியது. சனிக்கிழமை காலை. கதவையும் யன்னல்களையும் காற்றுக்காகத் திறந்து வைத்திருந்தோம்.

ஸ்டெல்லா டீச்சர் கைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்துத் தொடங்கினார். பதில் சொன்ன எங்கள் குரல் சுவரில் பட்டு, கூரைச் சீற்றில் பட்டு, ஒரு கோயில் சனத்தின் குரலாகத் திரும்பி வந்தது. எங்களுக்கே உடம்பு சிலிர்த்தது. அந்த உற்சாகத்தில், முடிவில் ஒரு மாதா பாட்டும் பாடினோம். கை தட்டவில்லை. அதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

வீட்டை வாங்கப் போகிற செல்வராணி கதவோரம் கைகூப்பி நின்றாள். அவள் சைவம். எங்கள் ஜெபம் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் முடியும்வரை அசையாமல் நின்றாள்.

வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு கேற்றில் ஓர் அம்மா நின்றார். கையில் பூக்கூடை, அதில் செவ்வரத்தம்பூ. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கூச்ச சுபாவம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் சங்கத்து வழக்கம்

போன வாரம் எங்கள் சங்கம் தொடங்கிய கதையை எழுதியிருந்தேன். வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கைச் சேர்ந்த பெண்கள் நடத்தும் சிக்கன கடனுதவிச் சங்கம் அது. கிழமைக்குக் கிழமை பூசை முடிய மண்டபத்தில் கூடி, இயன்றதைப் போடுவோம். தேவைப்பட்டவர்களுக்குக் கடனாகக் கொடுப்போம். ஸ்டெல்லா டீச்சர் செயலாளர். நான் தலைவி. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள் எப்படித் தலைவி ஆனாள் என்று கேட்காதீர்கள். கொட்டாஞ்சேனையில் பாதி வீடுகளுக்கு இடியப்பம் கொடுக்கிறவள் நான். எனக்குத் தெரியாத கதவு இல்லை.

வீட்டுக் கடன் என்றால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காசோலை கொடுப்பதற்கு முன் நிர்வாகப் பெண்கள் எல்லாரும் அந்த வீட்டுக்குப் போவோம். கூரை ஒழுகுமா, குழாயில் தண்ணீர் வருமா, மழைக்கு ஒழுங்கை மூழ்குமா என்று பார்ப்போம். பிறகு அந்த வீட்டிலேயே நின்று ஜெபமாலையில் ஒரு பகுதி சொல்லி, வீட்டை மாதாவின் கையில் ஒப்படைத்துவிட்டு வருவோம்.

கொட்டாஞ்சேனையில் இது யாருக்கும் தொந்தரவாக இருந்ததில்லை. நாங்கள் ஒரு வீட்டில் தொடங்கினால் அடுத்த வீட்டு அடுப்படியிலிருந்து பதில் வரும். மீன் வெட்டுகிறவர்கள்கூடக் கத்தியை வைத்துவிட்டுச் சிலுவை போடுவார்கள். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

தோட்டத்து விலாசம்

செல்வராணி என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு தோட்டத்தில் குடியிருந்தாள். கொழும்பில் தோட்டம் என்றால் மரமும் செடியும் இல்லை. ஒரே குழாயடியை நம்பி, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு, வரிசையாக அறைகளில் குடும்பங்கள் இருக்கும் இடம். வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் அவள் சாறிகளுக்கு ஃபோல்ஸ் தைக்கிறாள். புருஷன் ரவி புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி. மகள் படிப்பதும் வெள்ளவத்தைப் பக்கம்தான், பாமன்கடையிலிருந்து நடந்து போகும் தூரம்.

அந்தத் தோட்டத்தின் சொந்தக்காரர் நிலத்தை விற்றுவிட்டார். மாடிக்கட்டடம் வரப் போகிறது என்றார்கள். புது வருடத்துக்கு முன் எல்லாரும் எழும்ப வேண்டும். சிலர் எழும்பியும் விட்டார்கள். காலியான அறைகளின் கூரைத் தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்து அறைக்குக் கூரை இல்லாமல் போனபோது, மழைத் தண்ணீர் செல்வராணியின் சுவரில் ஊறத் தொடங்கியது.

அவள் குவைத்தில் வீட்டு வேலை செய்து சேர்த்தது கொஞ்சம் இருந்தது. தம்பியும் உதவினான். குறைந்ததை வங்கியில் கேட்கப் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை முதலில் நன்றாகத்தான் கதைத்ததாம். விலாசத்தைத் தட்டச்சு செய்யும்போது அவன் விரல் நின்றது. இந்த விலாசத்துக்குக் கொடுப்பது கஷ்டம் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னான். ரவிக்குச் சம்பளச் சீட்டும் இல்லை. இன்னும் இரண்டு இடங்களில் ஏறி இறங்கினாள். மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். ஆனால் அனுப்பிவிட்டார்கள்.

வாடகைக்குக் கேட்டுப் போன இடங்களின் கதையும் அதுதான். தொலைபேசியில் அறை இருக்கும். பெயரையும் ஊரையும் சொன்னதும் அறை போய்விடும்.

கிறிஸ்டியின் வங்கி

எங்கள் சங்கத்தில் அதுவரை பங்கு மக்களுக்கு மட்டும்தான் கடன். செல்வராணிக்குக் கொடுக்க வழி இல்லை. அதை மாற்றியது அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

என் கணவர் அருளின் தம்பி கிறிஸ்டி அங்கே ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறான். போன வருடம்தான் சின்னதாக ஒரு வீடு வாங்கினான். அந்தக் கதையை ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களுக்குச் சொல்லுவான். பெரிய வங்கிகள் அவனுக்குக் கொடுக்கவில்லை. கடைசியில் கொடுத்தது கறுப்பின மக்கள் நடத்தும் ஒரு வங்கி.

அந்த மக்களின் கதையை அவன் சொன்னபோது நான் மா குழைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஒரு காலத்தில் அவர்கள் இருந்த தெருக்களை வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு ஒதுக்கி வைத்தார்களாம். அந்தக் கோட்டுக்குள் இருந்தால் வீட்டுக் கடன் இல்லை. எவ்வளவு உழைத்தாலும் இல்லை. கோயில்களில் கூடிச் சேர்த்த காசையும் கொண்டுதான் அந்த மக்கள் தங்களுக்கென்று வங்கிகளை எழுப்பினார்களாம். அங்கே கடன் எடுத்துத்தான் எத்தனையோ குடும்பம் முதல் முதலாகச் சொந்த வாசல்படியை மிதித்ததாம்.

“அவையள் தங்கட ஆக்களுக்காகக் கட்டினது அண்ணி. ஆனா எனக்குக் கதவைச் சாத்தேல்லை. நான் எந்தக் கோயிலுக்குப் போறன் எண்டும் கேக்கேல்லை” என்றான் கிறிஸ்டி.

பிறகு இன்னொன்றும் சொன்னான். கடன் கிடைத்ததோடு அந்த மக்களின் பாடு முடியவில்லையாம். காசைக் கையில் வைத்துக்கொண்டு போனாலும், இந்தத் தெருவில் உனக்கு வீடு இல்லை என்றார்களாம். அதற்காக வேறு சண்டை பிடிக்க வேண்டியிருந்ததாம். அந்தப் பகுதியை நான் அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை. கோயில் காசில் வங்கி என்ற இடத்திலேயே என் மனம் நின்றுவிட்டது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்டேன். எங்களைப் போல மண்டபத்தில் கூடிய சனம் வெளியாளுக்குக் கொடுத்திருக்கிறதே, நாங்கள் கொடுக்கக் கூடாதா? ஒரு மணித்தியாலம் இழுபட்டது. பங்குப் பாதர் முடிவை எங்களிடமே விட்டுவிட்டார். கடைசியில் கை உயர்ந்தது. பங்குக்கு வெளியே எங்கள் முதல் கடன் செல்வராணிக்கு.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை பாமன்கடைக்குப் போனோம்.

நடராசா ஐயாவின் கேள்வி

வீட்டுக்காரர் நடராசா ஐயா. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து மனிதர். அதே ஒழுங்கையில் முன்வீட்டில் இருக்கிறார். திங்கட்கிழமை எனக்குப் போன் எடுத்தார்.

“பிள்ளை, நான் உங்களைப் பிழை சொல்லேல்லை. ஆனா ஒழுங்கையில எல்லாரும் கேக்கினம். இது ஜெபக்கூடமாகப் போகுதாம். ஸ்பீக்கர் வரப் போகுதாம், ட்ரம் வரப் போகுதாம். நாளைக்கு என்னையெல்லோ ஏசுவினம்?”

எனக்கு விளங்கிவிட்டது. சில இடங்களில் அப்படி நடந்ததுதான். கைதட்டிப் பாடும் புதுச் சபைக்காரர் குடியிருக்க என்று வீட்டை வாங்கி, ஞாயிறு வந்தால் ஐம்பது அறுபது பேர் கூடிக் கும்பிட, அயலவர் பொலிசுக்குப் போன கதைகள் இருக்கின்றன. வெறும் வீட்டில் எங்கள் குரல் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

“ஐயா, நாங்கள் கத்தோலிக்கர். அந்தக் கூட்டம் இல்ல. வாங்குற பிள்ளை சைவம்” என்றேன்.

ஐயா திருப்பிக் கேட்டார்.

“சைவமெண்டா நீங்கள் ஏன் வந்து ஜெபிச்சனீங்கள்?”

“அது எங்கட சங்கத்து வழக்கம் ஐயா” என்றேன். அது பதில் ஆகாது என்று சொல்லும்போதே தெரிந்தது.

ஆனாலும் ஐயா நல்ல மனிதர். அவரே ஒரு வழி சொன்னார். வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரட்டாம். திருநீறு பூசி, சைவப் பிள்ளையாக வரட்டாம். பக்கத்து வீட்டு அம்மாவையும் கூப்பிடுவாராம். கண்ணால் கண்டால் அம்மா சமாதானமாகிவிடுவார், ஒழுங்கையும் அடங்கிவிடும்.

மாதாவுக்கு நன்றி சொன்னேன். இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை.

நெற்றி

அன்று பின்னேரமே ஸ்டெல்லா டீச்சரையும் கூட்டிக்கொண்டு செல்வராணியிடம் போனேன். அவள் மடியில் ஒரு மாம்பழ நிறச் சாறியை விரித்து ஃபோல்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். ஊறிய சுவரிலிருந்து நனைந்த சாக்கு மணம் வந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஊசியை நிறுத்தவில்லை.

“நான் போறேன் அக்கா. திருநீறு பூசிக்கிட்டுப் போக மாட்டேன்.”

“நீ தினமும் பூசுறதுதானே பிள்ளை?”

“தினமும் பூசுறேன். மாரியம்மாவைக் கும்பிடாம நான் வெளிய கால் வைக்கிறதில்ல. அன்னைக்கு மட்டும் பூச மாட்டேன்.”

ஸ்டெல்லா டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. “வீடு கையில வாற நேரத்தில இவவுக்கு ரோசம் வந்திருக்கு. பக்கத்து அறைக்குக் கூரை இல்ல, அதைப் பாருங்கோ முதல்ல.”

செல்வராணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

“டீச்சர், நாளைக்கு நீங்க அந்த ஒழுங்கையில ஒரு வீடு கேட்டுப் போனா, எதைப் பூசிக்கிட்டுப் போவீங்க?”

டீச்சரின் கை தன்னாலே கைப்பைக்குள் ஜெபமாலையைத் தேடிப் போனது.

“பேங்க்ல எங்க தோட்டத்தைப் பார்த்தாங்க” என்றாள் செல்வராணி. கோபமாக இல்லை, கடையில் நிறம் சொல்கிறவள் போலச் சொன்னாள். “நீங்க எல்லாரும் வந்து வீட்டைப் பார்த்து, உங்க சாமிகிட்டக் காட்டுனீங்க. இப்ப அவங்க என் நெத்தியைப் பார்க்கணுமாம். என் காசை யாரு அக்கா பார்க்கிறது?”

வீட்டுக்கு வந்து அருளிடம் சொன்னேன், இந்தப் பிள்ளை கெடுத்துக்கொள்ளப் போகிறாள் என்று. அவர் செய்திக்குக் காது கொடுத்தபடி, “உங்களையும் பேங்கையும் ஒரே தராசில வச்சிட்டா போல” என்றார். எனக்குச் சுட்டது. நாங்கள் மனமிரங்கிக் கொடுத்தோம், ஜெபித்தோம், நல்லதுதானே செய்தோம்? அன்றிரவு மாதா படத்துக்கு முன் முழங்காலில் நின்றபோது, அந்த வீட்டைக் கொடும் தாயே என்று கேட்கத்தான் போனேன். அந்தச் சொல் வரவில்லை. அவள் சொன்னதை எனக்கு விளங்க வையும் என்றுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை

செல்வராணியும் ரவியும் நானும் போனோம். அவள் நெற்றியில் ஒரு சின்னப் பொட்டு. கொட்டாஞ்சேனையில் நாங்களும் வைக்கிற பொட்டுதான். ரவி இஸ்திரி போட்ட சேட் போட்டிருந்தான். மூட்டை தூக்கித் தூக்கிப் புடைத்த பிடரிக்கு மேல் கொலர் ஏறவில்லை.

நடராசா ஐயா தேத்தண்ணியும் பிஸ்கற்றும் வைத்தார். பூக்கூடை அம்மா முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். செல்வராணியின் நெற்றியைப் பார்த்தார். பிறகு என் கழுத்தில் தொங்கிய மாதா சுரூபத்தைப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார்.

கொட்டாஞ்சேனை என்றாள் செல்வராணி.

அதற்கு முந்தி?

அப்பா ஹட்டன் பக்கம் என்றாள்.

“ஓ, தேயிலைத் தோட்டப் பக்கமோ” என்றார் அம்மா. மலையகத்துக் கூலிச் சனம் என்று தள்ளி வைக்கிற அந்த ‘ஓ’வைக் கேட்டதும் ட்ரம் சத்தம் மட்டும் இங்கே பிரச்சினை இல்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

“சரி, கும்பிடுறது எந்தக் கோயில்?”

அந்த இடத்தில் ஒரு சொல் போதும். மாரியம்மன் என்று சொன்னால் முடிந்தது. என் நாக்கு நுனியில் அது நின்றது. நான் தேத்தண்ணியைக் குடித்து அதை விழுங்கினேன்.

செல்வராணி ஐயாவின் பக்கம் திரும்பினாள்.

“ஐயா, நீங்க கேட்ட விலை எங்ககிட்ட இருக்கு. சங்கத்துப் பணமும் தயாரா இருக்கு. சமையலறைக் குழாய் ஒழுகுது, அதை நாங்களே சரி பண்ணிக்கிறோம். சத்தம் போட மாட்டோம். இவரு விடியக்காலையில மார்க்கெட்டுக்குப் போறவரு, எட்டு மணிக்கே படுத்திருவாரு. ஒரு அயலுக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவுதாங்க.”

“கேட்டதுக்குச் சொன்னா என்ன குறைஞ்சு போகுமோ?” என்றார் அம்மா.

“எனக்குக் குறையாதுங்கம்மா. எனக்குப் பின்னால இங்க வீடு கேட்டு வாறவங்களுக்குக் குறையும்.”

நடராசா ஐயா தேத்தண்ணியை நெடுநேரம் கலக்கினார். பிறகு, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கடற்காற்று முகத்தில் அடித்தது. கொள்ளுப்பிட்டி தாண்டியதும் செல்வராணி தன் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வெயில் என்றாள். வெயில் கடல் பக்கம் இறங்கிப் போய்விட்டிருந்தது.

இடையில் ஒரு கூட்டம்

ஐயாவிடமிருந்து அழைப்பு வரவில்லை. அந்தத் தோட்டத்தில் இன்னும் இரண்டு அறைகள் காலியாயின. ரவி தகரத்துக்குப் பதில் தார்ப்பாய் கட்டினான்.

அந்த வாரக் கூட்டத்தில் எங்கள் வழக்கத்தைப் பற்றிக் கதைத்தோம். இனிமேல் வீட்டுக் கடனுக்கான ஜெபத்தை எங்கள் கோயிலிலேயே சொல்வோம் என்றேன். கூரை பார்க்க வரச் சொன்னால் போவோம். ஜெபிக்கச் சொன்னால் ஜெபிப்போம். கூப்பிடாமல் போக மாட்டோம். ஒருவர் விசுவாசம் குறைந்துவிட்டதா என்று கேட்டார். அவருக்குப் பதில் சொன்னது ஸ்டெல்லா டீச்சர். “நான் அந்தப் பிள்ளையின்ட கேள்விக்கு இன்னும் விடை தேடுறன். தேடி முடியும்வரைக்கும் ஆரின்ட வீட்டுக்குள்ளயும் அழையாமப் போறதா இல்ல” என்றார். வகுப்பை முடிக்கிற குரலில் சொன்னதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

கிறிஸ்டி சொன்ன இரண்டாவது பாதி அப்போதுதான் என் காதில் ஏறியது. கடனும் வீடும் ஒன்றில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கை கிடக்கிறது.

பால்

ஒரு காலையில், நான் இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஐயா போன் எடுத்தார்.

“திங்கட்கிழமை லோயரிட்ட வரச் சொல்லுங்கோ.”

தட்டைக் கீழே வைத்தேன். என்ன நடந்தது ஐயா என்று கேட்டேன்.

“வேற ரெண்டு பேர் வந்து பாத்தவை. ரெண்டு பேரும் விலையைக் குறைச்சுக் கேட்டவை. அந்தப் பிள்ளை ஒண்டையும் குறைக்கேல்லை.” கொஞ்சம் இருமினார். “அதோட, நான் ஒழுங்கைக்கு விக்கேல்லைத்தானே பிள்ளை. ஒரு ஆளுக்குத்தானே விக்கிறன்.”

பக்கத்து வீட்டு அம்மா மனம் மாறினார் என்று எழுத எனக்கு ஆசைதான். நடந்ததைத்தான் எழுத வேண்டும். செல்வராணி சாமான் ஏற்றி வருவதற்கு முன்பே அவர் நடுச்சுவரில் இரண்டு வரிசை கல் கூட்டிக் கட்டிவிட்டார். சிமெந்து காயாமலே இருந்தது.

பால் காய்ச்சும் நாளுக்கு எங்கள் ஏழு பேரையும் செல்வராணி அழைத்தாள். போனோம். மூலையில் மாரியம்மன் படம், குத்துவிளக்கு, கல் மூன்று வைத்து மூட்டிய அடுப்பில் புதுப் பானை. மகள் தரையில் இருந்து விசிறிக்கொண்டிருந்தாள். ரவி கண்ணைக் கசக்கிக்கொண்டு விறகைத் தள்ளினான். நாங்கள் சுவரோரம் வரிசையாக, கையைக் கட்டி, பேசக் கூடாது என்று நிறுத்தி வைத்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல நின்றோம்.

செல்வராணி எங்களைப் பார்த்தாள். அன்று நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தாள்.

“என்ன அக்கா, எல்லாரும் வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கீங்க?”

“வேண்டாம் பிள்ளை. பக்கத்தில கேக்கும்.”

“கேக்கட்டும். அன்னைக்கு நீங்க கும்பிட்டது ஐயா வீட்டுல. இது என் வீடு. நான் கேக்கிறேன், கும்பிடுங்க.”

ஸ்டெல்லா டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் ஜெபமாலையை எடுத்து, சாதாரணக் குரலில் தொடங்கினார். நாங்கள் பதில் சொன்னோம். பால் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஜெபமாலையின் நாலாவது மணியோ ஐந்தாவது மணியோ சொல்லும்போது, பானையின் கழுத்தில் நுரை ஏறியதை முதலில் கண்டது டீச்சர்தான். ஜெபத்தை நடுவில் வெட்டி, “பொங்குது, பொங்குது” என்றார். நாற்பது வருடமாக அவரோடு ஜெபிக்கிறேன். அவர் நடுவில் நிறுத்தி நான் கண்டதில்லை.

பால் கிழக்குப் பக்கமாக வழிந்தது. அது நல்லது என்று செல்வராணி சொன்னாள். எங்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஆனாலும் ஏழு பேரும் ஆமென் என்றோம்.